சுண்டைக்காய் கால் பணம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவையில் என் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மகன் தன் காரை விற்பதற்காக ஒருவரை வரச் சொல்லியிருந்தான். பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னவருக்காக ஏழு மணியிலிருந்தே வண்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தான். பத்தரை மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு என் அருகில் வந்து அமர்ந்தவன், குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டான்: "மாமா, கியர்பாக்ஸப் பத்தி அவருகிட்டச் சொல்லியே ஆகோணுங்களா?"

அந்த வண்டியின் கியர்பாக்ஸில் ஒரு பழுது இருக்கிறது. எஞ்சின் சூடேறிய பிறகு, நெரிசலில் நின்று நின்று போகும்போது, இரண்டாம் கியருக்கு மாறத் தயங்கும். ஒரு உதறல் வரும். முகப்பில் மஞ்சள் விளக்கு எரியும். கையடக்கமான ஒரு கருவியைச் செருகி அந்த விளக்கை அணைத்துவிடலாம். நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் மீண்டும் எரியும். விற்பனைக்கு ஏற்பாடு செய்த தரகர் அந்த வழியைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். காலைக் குளிரில் பத்து கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினால் யாருக்கும் எதுவும் தெரியாது.

கேள்வி எளியது. விடை எனக்கு உடனே வரவில்லை. காரணம், 2022இல் இந்த வண்டியை வாங்கும்போது 'வாங்கலாம்' என்று தலையாட்டிய பெரிய மனிதன் நான்தான். இந்தப் பக்கங்களில் இதுவரை நாவல்களையும் கவிதைத் தொகுப்புகளையும் பற்றி மட்டுமே எழுதிவந்தவன், இம்முறை பழைய வேகக் கார்களைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு அந்தத் தலையாட்டல்தான் காரணம். இது தொழில்நுட்பக் கட்டுரை அன்று. ஒரு பொருளின் விலை என்று நாம் எதைச் சொல்கிறோம், எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பது பற்றிய கட்டுரை.

*

அது ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் வண்டி. பெயர் வேண்டாம். எனக்கு எந்த நிறுவனத்தோடும் வழக்கு இல்லை. புதிதாக இருந்தபோது நாற்பது லட்சத்தை நெருங்கிய விலை. ஒன்பது வயதில் ஒன்பது லட்சத்துக்குக் கிடைத்தது. அதே ஒன்பது லட்சத்துக்குக் கடையில் ஒரு சாதாரணப் புதிய கார் வாங்கலாம். ஆனால் இதில் டர்போ எஞ்சின், தோல் இருக்கைகள், ஏறியவுடன் வெளியுலகின் ஓசை அடங்கிப்போகும் அந்த அமைதி. நான் மூன்று கேள்விகள் கேட்டேன்: விபத்தில் சிக்கியதா, வரி பாக்கி உண்டா, கடன் அடைந்ததா. மூன்றுக்கும் திருப்தியான விடை கிடைத்தது. கேட்க வேண்டிய நான்காவது கேள்வி என் நினைவுக்கு வரவேயில்லை: முப்பது லட்சம் எங்கே போயிற்று?

பழைய பொருள் என்றால் விலை குறையும் என்பது நமக்குப் பழகிய உண்மை. ஆனால் எது குறைகிறது என்று நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. குறைவது வண்டியின் விற்பனை விலை மட்டுமே. அதன் உதிரிபாகங்களின் விலை குறைவதில்லை. பிரேக் தட்டு ஒன்றை வாங்கப் போனால், கடைக்காரர் உங்கள் வண்டிக்கு என்ன வயது என்று கேட்டுவிட்டுத் தள்ளுபடி தருவதில்லை. நாற்பது லட்ச ரூபாய் வண்டிக்கான பிரேக் தட்டு, அந்த வண்டி ஒன்பது லட்சத்துக்கு வந்த பிறகும் நாற்பது லட்ச ரூபாய் வண்டிக்கான பிரேக் தட்டுதான். வயதாக ஆக, அத்தகைய பாகங்கள் தேவைப்படும் தருணங்கள்தான் கூடுகின்றன. ஆக, விலைக்கோடு கீழே இறங்கும் அதே ஆண்டுகளில் செலவுக்கோடு மேலே ஏறுகிறது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்தான் நம்மைப் போன்றவர்கள் கையில் காசோலையோடு போய் நிற்கிறோம்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வகுப்பில் அதற்கு விளக்கம்கூடச் சொல்லியிருக்கிறேன். சுண்டைக்காய் வாங்கப் போன இடத்தில் மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

*

உலகம் நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2005 முதல் 2010 வரை விற்ற எம்5 என்னும் கார். நான்கு கதவுகள் கொண்ட, பார்வைக்கு ஓர் அலுவலக அதிகாரியின் வண்டி போலவே இருக்கும் கார். அதன் முன்மூடிக்குள் இருந்ததோ ஐந்து லிட்டர் கொள்ளளவும் பத்து சிலிண்டர்களும் கொண்ட எஞ்சின். 507 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 8,250 சுற்றுகள் வரை சுழலும். அந்நிறுவனம் 2000 முதல் 2005 வரை ஃபார்முலா ஒன் பந்தயத்தில் வில்லியம்ஸ் அணிக்குப் பத்து சிலிண்டர் எஞ்சின்களை அளித்துவந்த காலத்தின் நிழல் அதில் விழுந்திருந்தது. 2005, 2006 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து உலகின் சிறந்த எஞ்சினுக்கான சர்வதேச விருதைப் பெற்றது. அமெரிக்காவில் புதிதாக 80,000 டாலரை ஒட்டிய விலைக்கு விற்ற அந்த வண்டி, பின்னாளில் அதில் நான்கிலொரு பங்குக்கே கைமாறியது.

ஏன் என்று கேட்டால் மூன்று பாகங்களைச் சுட்டிக்காட்டுவார்கள்.

முதலாவது ராட் பேரிங். பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட் என்னும் தண்டு. பிஸ்டனையும் அந்தத் தண்டையும் இணைக்கும் கம்பியின் அடியில், பிறை வடிவில் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். தண்டு அந்தத் தகடுகளின்மேல் நேரடியாக உராய்வதில்லை. இடையில் முடியிழையைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான் அதைத் தாங்குகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெய் கெட்டியாக இருக்கும். அந்நேரத்தில் வேகமாக முடுக்கினால் படலம் அறுபடும். தகடு தேயும். இந்த எஞ்சினில் பத்து கம்பிகள், ஆகவே இருபது பிறைகள். அவற்றை முன்கூட்டியே மாற்றிவிடலாம். எஞ்சினின் அடிப்பகுதியைத் திறந்து செய்ய வேண்டிய, சில ஆயிரம் டாலர் கேட்கும் வேலை அது. மாற்றாமல் விட்டு, ஏதேனும் ஒன்று தண்டோடு சேர்ந்து சுழன்றுவிட்டால் எஞ்சினே போய்விடும். அப்போது ஆகும் செலவு பழைய வண்டியின் விலையையே எட்டிவிடும், தாண்டியும் போகும்.

இரண்டாவது, காற்றுவழியைத் திறந்து மூடும் மின்விசை அமைப்புகள். எஞ்சினின் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. உள்ளே இருக்கும் சிறு பல்சக்கரங்கள் தேய்ந்தால் வண்டி தன் வலிமையைத் தானே குறைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். ஐந்நூறு குதிரைகள் ஒரு சுண்டுவிரல் அளவுப் பல்சக்கரத்தை நம்பி நிற்கின்றன.

மூன்றாவது, கிளட்ச் மிதி இல்லாமல் எண்ணெய் அழுத்தத்தால் கியர் மாற்றும் எஸ்.எம்.ஜி. என்னும் அமைப்பு. அதன் பம்பு பழுதானால் கியர் விழாது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

இவற்றோடு தேய்மானச் செலவுகள்: 19 அங்குலச் சக்கரங்களுக்கான, பின்புறம் 285 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர்கள். 374 மில்லிமீட்டர் விட்டமுள்ள முன் பிரேக் தட்டுகள். நகரத்துக்குள் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடினால் அதிகம். எழுபது லிட்டர் தொட்டியை நிரப்பினால் முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் மறுபடி பெட்ரோல் நிலையம்.

இதைப் படித்துவிட்டு அது மோசமான வண்டி என்று முடிவு கட்டினால் நான் சொல்லவந்தது தவறிப்போகும். அது மகத்தான வண்டி. அதை இன்றும் உயிரோடு வைத்திருப்பவர்கள் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் ஒரு புட்டியில் சிறிது பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். எண்ணெயில் ஈயமும் செம்பும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று பார்த்தால் பேரிங் எந்த அளவுக்குத் தேய்கிறது என்று ஊகிக்கலாம். நாற்பது வயதுக்கு மேல் நாம் செய்துகொள்ளும் இரத்தப் பரிசோதனை போன்றதுதான். குளிர்ந்த எஞ்சினை விரட்டுவதில்லை. இருபது பிறைகளையும் சத்தம் வருமுன்பே மாற்றிவிடுகிறார்கள். அவர்களுக்கு அந்த வண்டி துரோகம் செய்வது அரிது. துரோகம் என்று புலம்புபவர்களில் பலர், நான்கிலொரு பங்கு விலைக்கு வாங்கிவிட்டு நான்கிலொரு பங்கு கவனிப்பு போதும் என்று நினைத்தவர்கள்.

*

ஒவ்வொரு வேகக் காருக்கும் இப்படி ஓர் இரகசியம் உண்டு. 1990களின் இறுதியிலிருந்து 2005 வரையிலான போர்ஷே பாக்ஸ்டர், 911 வண்டிகளில் அது எஞ்சினின் இடைத்தண்டின் ஒரு முனையைத் தாங்கும், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குண்டு பேரிங். அது உடைந்தால் வால்வுகளின் ஒழுங்கு குலைந்து எஞ்சின் அழிந்துவிடும். 2001 முதல் 2005 வரையிலான மாடல்களின் உரிமையாளர்கள் சார்பில் அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. உண்மையில் பெரும்பாலான வண்டிகளில் அந்தப் பேரிங் உடையவேயில்லை. ஆனால் அது உடையக்கூடும் என்ற அச்சம் எல்லா வண்டிகளின் விலையையும் கீழே இழுத்தது. அதே தலைமுறையின் டர்போ, ஜி.டி.3 வகைகளில் வேறு வடிவமைப்புள்ள எஞ்சின் இருந்தது. அவற்றுக்கு அந்த அச்சமும் இல்லை, அந்த விலைச்சரிவும் இல்லை.

மஸ்தா ஆர்.எக்ஸ்-8 இன்னொரு கதை. பிஸ்டனே இல்லாத, முக்கோண வடிவச் சுழலிகள் இரண்டைக் கொண்ட 1.3 லிட்டர் எஞ்சின். முக்கோணத்தின் முனைகளில் இருக்கும் காப்புப் பட்டைகள் தேய்ந்தால் அழுத்தம் குறையும். குளிர்ந்தபோது கிளம்பும் வண்டி, சூடாக நிறுத்தி மீண்டும் சாவி போட்டால் கிளம்பாது. அந்தப் பட்டைகளுக்கு மசகாக எண்ணெயைச் சிறிது சிறிதாக எரிப்பது அந்த எஞ்சினின் இயல்பு. நோய் அன்று. அளவுகோலை எடுத்து எண்ணெய் பார்க்கும் பழக்கமில்லாதவர் கையில் அது அகப்பட்டால் விரைவில் முடிந்துபோகும். அமெரிக்காவில் அந்நிறுவனமே எஞ்சினுக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டுகள் அல்லது 1,00,000 மைல்கள் என நீட்டித்துக்கொடுத்தது.

இவற்றிலிருந்து நான் புரிந்துகொண்டது ஒன்று. பழைய வேகக் காரின் குறைந்த விலை என்பது சந்தையின் அறியாமை அன்று. அது சந்தையின் அறிவு. பழுதுபார்த்துப் பார்த்துக் கை சலித்தவர்கள், நடுவழியில் நின்றவர்கள், பயந்து விற்றவர்கள் என ஆயிரம் பேர் கற்ற பாடம் அந்த எண்ணுக்குள் சுருங்கிக் கிடக்கிறது. 'மலிவாகக் கிடைத்தது' என்று நாம் மகிழும்போது அந்தப் பாடத்தைப் படிக்காமல் அட்டையை மட்டும் பார்க்கிறோம்.

*

நம் நாட்டில் இந்தக் கணக்கில் மேலும் சில வரிகள் சேர்கின்றன. பாகங்களில் பலவும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். சுங்க வரி சேரும். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை வண்டி பட்டறையில் நிற்கும். தாழ்ந்த வயிறுள்ள இந்த வண்டிகள் நம் வேகத்தடைகளின்மேல் அடிவயிறு உரசிக்கொண்டுதான் போகின்றன. குழிகளில் விழுந்தால் சஸ்பென்ஷன் ரப்பர்கள் கிழிகின்றன, பக்கச்சுவர் மெலிந்த டயர்கள் புடைத்துக்கொள்கின்றன. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025இல் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. அதை எதிர்பாராத காலத்தில் செய்யப்பட்ட எரிபொருள் குழாய்களும் ரப்பர்களும் அந்த வண்டிகளில் இருக்கின்றன.

காப்பீடு இருக்கிறதே என்று நினைப்பவர்கள் அதன் பத்திரத்தை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். வழக்கமான வாகனக் காப்பீடு விபத்துக்கும் திருட்டுக்கும் தீக்கும் வெள்ளத்துக்கும் உரியது. இயந்திரம் தானாகப் பழுதானால், தேய்ந்தால், அது பொறுப்பேற்காது. விபத்திலேயே சேதமானாலும் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் டயருக்கும் பேட்டரிக்கும் பாதித் தேய்மானம் கழித்துத்தான் பணம் வரும். அதைத் தவிர்க்கும் கூடுதல் காப்பீடு வண்டிக்கு வயது ஏறிவிட்டால் எளிதில் கிடைப்பதில்லை. வண்டியின் காப்பீட்டு மதிப்போ ஐந்தாம் ஆண்டுக்குள் பாதியாகிவிடும்.

வெள்ளம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியைத் துடைத்து, உலர்த்தி, வாசனை தெளித்து வேறு ஊரில் நிறுத்தினால் வெளிப்பார்வைக்குத் தெரியாது. இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சுருளுக்குள் சேற்றுக்கோடு தெரியலாம். இருக்கைக்கு அடியில் தண்டவாளத்தில் துருவிருக்கலாம். இந்த வண்டிகளின் உயிர் மின்கம்பிகளிலும் சிறு கணினிகளிலும் இருக்கிறது. தண்ணீர் பட்ட மின்னிணைப்பு பச்சை பூத்துத் தன் வேலையைக் காட்ட ஓராண்டுகூட ஆகலாம். அதற்குள் வண்டி இரண்டு கை மாறியிருக்கும்.

*

மருமகனுடைய செலவுகளை அவன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தான். அன்று காலையில்தான் முதன்முறையாக என்னிடம் காட்டினான். தன் அம்மாவிடம் காட்டியதில்லை. மூன்று ஆண்டுகளில்: டயர்கள் நான்கு 72,000 ரூபாய். பேட்டரி 22,000. தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட் கூடும் 48,000. முன்பக்கச் சஸ்பென்ஷன் கைகளும் புஷ்களும் 90,000. பிரேக் தட்டுகளும் பேடுகளும் 85,000. மூன்று ஆண்டுக் காப்பீடு 95,000. ஆக 4,12,000 ரூபாய், பெட்ரோல் நீங்கலாக. கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பகுதியை மாற்றப் பட்டறையில் சொன்ன மதிப்பீடு 2,60,000. அதையும் சேர்த்தால் 6,72,000. மாதத்துக்கு ஏறக்குறைய 18,700 ரூபாய்.

எண்களைவிட என்னைத் தொந்தரவு செய்தது வேறொன்று. அந்த ஒன்பது லட்சத்தில் நான்கு லட்சம் என் தங்கை தன் வைப்புத்தொகையை முறித்துக் கொடுத்தது. மாடியில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விடலாம் என்று வைத்திருந்த பணம். அவள் வண்டியின் எஞ்சினைப் பார்க்கவில்லை, விலையையும் பார்க்கவில்லை. அண்ணன் தலையாட்டினானா என்று மட்டும் பார்த்தாள்.

வாங்கிய ஆறாம் மாதம், முதல் பழுதுக்காகச் சிங்காநல்லூர் பக்கம் ஒரு பட்டறைக்கு அவனோடு போயிருந்தேன். இத்தகைய வண்டிகளையே இருபது ஆண்டுகளாகப் பார்த்துவரும் மெக்கானிக் ஒருவர், கையைப் பஞ்சால் துடைத்தபடி சொன்னார்: "ஏமாந்துட்டீங்கன்னு நெனைக்காதீங்க சார். நல்ல வண்டிதானுங்க. பாதி வெலையத்தான் அவருகிட்டக் குடுத்திருக்கீங்க. மீதிய எங்ககிட்டத் தவணையாக் குடுப்பீங்க." அன்று அது வேடிக்கையாகப் பட்டது. இந்தக் கட்டுரையில் நான் பக்கம் பக்கமாகச் சொல்லிவரும் எல்லாவற்றையும் அவர் மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டார்.

*

அப்படியானால் பழைய வேகக் காரை யாருமே வாங்கக் கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. முதல் உரிமையாளர் ஒன்பது ஆண்டுகளில் முப்பது லட்சத்தை இழந்தார். என் மருமகன் மூன்று ஆண்டுகளில் இழந்தது அதைவிடக் குறைவுதான். புதிய வண்டி வாங்குபவரும் செலவழிக்கத்தான் செய்கிறார். ஆனால் அவருடைய செலவு விலைப்பட்டியலில் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கிறது. பழைய வண்டியின் செலவு அச்சிடப்படவில்லை. வேறுபாடு அவ்வளவே. அச்சிடப்படாததைப் படிக்கத் தெரிந்தவர் தாராளமாக வாங்கலாம்.

படிப்பது என்றால் சில எளிய செயல்கள்தாம். முதல்நாள் இரவிலிருந்து ஓடாத, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் சொல்லிக் கேட்பது. பிறகு நன்றாகச் சூடேறும்வரை, நெரிசலிலும் சேர்த்து, ஒரு மணி நேரமாவது ஓட்டுவது. வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பக்கம் பார்ப்பது. பிழைக்குறிகள் சமீபத்தில் அழிக்கப்பட்டனவா என்று நம்முடைய கருவியால் சோதிப்பது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படிப்பது: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்யப்பட்டது. ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறும். எந்த மெக்கானிக் பார்ப்பார் என்று வாங்கும் முன்பே முடிவு செய்து, அவருடைய கட்டணத்தைக் கொடுத்து அவரையே பார்க்கச் சொல்வது. வண்டி விலையில் மூன்றிலொரு பங்கைத் தனியே எடுத்துவைக்க முடியாவிட்டால் அந்த வண்டி நமக்கு உரியதல்ல என்று எழுந்து வருவது. இந்த மூன்றிலொரு பங்கு என் சொந்தக் கணக்கு. நோட்டுப் புத்தகம் சொல்லிக்கொடுத்தது.

இத்தனையும் வாங்குபவருக்கான அறிவுரைகள். இவற்றைவிட முக்கியமானது விற்பவருக்கு உரியது. அதைப் பற்றித்தான் நாம் பேசுவதேயில்லை.

ஜார்ஜ் ஆகர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970இல் பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகு நான்காவது இதழ் ஏற்றுக்கொண்ட கட்டுரை அது என்பது எழுதுகிறவர்களுக்கு ஆறுதலான செய்தி. 2001இல் அவர் வேறு இருவரோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். அவர் சொன்னது இதுதான்: வண்டியின் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். எனவே வாங்குபவர் எல்லா வண்டியையும் சந்தேகித்துச் சராசரி விலையே தருவார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மாட்டார். நல்லவை விலகிக்கொள்ள, சந்தையில் மோசமானவை மிஞ்சும். ஒருவர் மறைப்பதன் விலையை அவரிடம் வாங்குபவர் மட்டும் கொடுப்பதில்லை. தன் வண்டியைப் பேணி வைத்திருந்த முகமறியாத இன்னொருவரும் கொடுக்கிறார்.

இந்தச் சங்கிலியில் என் மருமகனும் ஒரு கண்ணி. அவனுக்கு விற்றவர் கியர்பாக்ஸைப் பற்றி ஏதேனும் அறிந்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்திருந்தால் நாங்கள் ஏழு லட்சத்துக்குக் கேட்டிருப்போம், அல்லது வாங்காமலேயே வந்திருப்போம். அவர் கொடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் கனவு கலைந்துவிடும் என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. பழைய கார் வாணிபத்தில் மௌனம் ஒருவர் மட்டும் செய்யும் குற்றம் அன்று. இருவரும் கையெழுத்திடும் ஒப்பந்தம்.

நம் மொழியில் 'வாங்குதல்' என்ற சொல்லுக்குக் கையை நீட்டிப் பெறுவது என்றுதான் பொருள். கடனும் வாங்குகிறோம், அடியும் வாங்குகிறோம், மூச்சும் வாங்குகிறோம். ஒரு கணத்தில் முடிந்துவிடும் செயல் அது. 'வைத்திருத்தல்' அப்படியன்று. அது முடிவதே இல்லை. அவர் கார் வைத்திருக்கிறார் என்று சொல்லும்போது, ஒவ்வொரு நாளும் அதை வைத்துக்கொண்டு இருக்கிறார் என்ற தொடர்ச்சி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நாம் வாங்குவதைக் கொண்டாடுகிறோம். எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம், படம் எடுத்து அனுப்புகிறோம். வைத்திருப்பதற்கு ஒரு சடங்கும் இல்லை. அந்த நோட்டுப் புத்தகம் வைத்திருத்தலின் வரலாறு. வண்டியின் பாதி மதிப்பு அதில்தான் இருக்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டு அதை மறைத்துக்கொள்பவர் பாதி வண்டியைத்தான் விற்கிறார், முழு விலைக்கு.

*

அன்று பதினொரு மணிக்கு வந்தவர் முப்பது வயதுக்குட்பட்ட இளைஞர். கூடவே அவருடைய அப்பாவையும் அழைத்து வந்திருந்தார். அந்தப் பெரியவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்: விபத்து, வரி, கடன். எனக்குச் சற்று நேரம் பேச்சே வரவில்லை.

நான் மருமகனைப் பார்த்தேன். அவன் உள்ளே போய் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து அந்த இளைஞரின் கையில் கொடுத்தான். கியர்பாக்ஸ் மதிப்பீட்டுத் தாளும் அதற்குள் இருந்தது. அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் படித்தார். சில பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். ஓட்டிப் பார்த்தார். யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டுப் போனார். இதை எழுதும் நாள்வரை அழைக்கவில்லை.

மருமகனுக்கு என்மேல் வருத்தம்தான். வெளியே சொல்லவில்லை. கியர்பாக்ஸ் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னேன். "அதெல்லாம் எதுக்குங்க மாமா" என்றான். ஆனால் 1,30,000 ரூபாய் என்பது நான் 2022இல் கேட்காமல் விட்ட கேள்விக்கு அதிகமான அபராதம் இல்லை.

கிளம்பும்போது தங்கையிடம், வண்டி விற்கத் தாமதமாகலாம், விலையும் குறையலாம் என்று சொன்னேன். அடுப்படியிலிருந்து திரும்பாமலேயே, "நீங்க சொன்னாச் சரிதானுங்கண்ணா" என்றாள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் இதையேதான் சொன்னாள்.